‘ஆட்டினால் ஓடும்’ என்று சொன்னேன்: ஓர் ஆட்டோமேட்டிக் வாட்சின் ஆறு வாரங்கள்

அம்பாசமுத்திரத்தில் வாட்ச் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 2024 கோடையில் என் கைக்கு வந்த ஒரு வாட்சுக்கு நடந்ததை, வீட்டாரின் சம்மதத்தோடு, நடந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள், அதனால் விட்டிருக்கிறேன். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த ஆட்டோமேட்டிக் வாட்சுகள் மேலப்பாளையத்திலிருந்து கடையநல்லூர் வரை இன்னும் ஏராளமான வீடுகளில் இருக்கின்றன. கட்டியவருக்கு வயதாகிக் கை அசைவு குறையும்போது, அந்த அசைவால் சாவி ஏறும் வாட்ச் நின்றுபோகிற இதே சிக்கல் அந்த வீடுகளிலும் வரும்.

பின்னணி

வாட்சின் சொந்தக்காரருக்கு 71 வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்லிடைக்குறிச்சியில் வீடு. ரியாத்தில் வேலை பார்த்தபோது வாங்கிய சீகோ 5, உள்ளே 7009 என்ற எந்திரம். பின்மூடியில் உள்ள வரிசை எண் 2, 8 என்று தொடங்குகிறது. சீகோவில் அந்த எண்ணின் முதல் இலக்கம் ஆண்டையும் அடுத்தது மாதத்தையும் குறிக்கும். அவர் அங்கே இருந்த காலத்தோடு சேர்த்துப் பார்த்தால் 1982 ஆகஸ்டில் செய்யப்பட்டது. கிழமைத் தட்டில் ஆங்கிலமும் அரபும் உண்டு. அவர் அரபு எழுத்திலேயே வைத்திருப்பார். ஏழு கிழமைகளையும் அந்த எழுத்தில் படிக்கப் பழகியது ரியாத்தில் முதல் மாதச் சம்பளத்துக்குக் காத்திருந்த நாட்களில் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த வாட்சில் குமிழைத் திருகினால் சாவி ஏறாது. நேரம், தேதி, கிழமை மாற்ற மட்டும்தான் குமிழ். சாவி ஏறுவது ரோட்டரால். பின்மூடியைக் கழற்றினால் நடு அச்சில் தொங்கும் அரைவட்டத் தட்டுதான் அது. கை ஏறி இறங்கும்போது வாட்ச் திரும்புகிறது. தட்டோ தன் எடையால் எப்போதும் கீழ்ப்பக்கமே நிற்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையே உண்டாகும் அந்தச் சுழற்சியை மேஜிக் லீவர் என்ற இரட்டைக் கொக்கி வாங்கி, ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும், வாட்சை ஓட்டும் சுருளான மெயின் ஸ்பிரிங்கை ஒரே பக்கமாக முறுக்குகிறது. சீகோ இந்தக் கொக்கியை 1959-ல் கொண்டுவந்தது. முழுக்க முறுக்கேறிய வாட்ச், நல்ல நிலையில் இருந்தால், கழற்றி வைத்த பிறகும் நாற்பது மணி நேரம் போல ஓடும்.

ஏப்ரலில் அவர் பின்கட்டில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. வாட்ச் கட்டும் கை அதுதான். வலது கையில் கட்டச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். சாப்பிடுகிற கை, குழம்பும் ரசமும் ஸ்டீல் பட்டையின் இடுக்கில் இறங்கும் என்றார். அந்தக் காரணத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். அப்படி இறங்கிய அழுக்கைச் சுரண்டி எடுப்பது என் அன்றாட வேலை.

நின்றுபோனால் போகட்டும், ஆறு வாரம் கழித்து ஓடட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் நின்ற கடிகாரத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் பலமான நம்பிக்கை. 42 வருடத்தில் சர்வீசுக்குக் கொடுத்த நாட்கள் தவிர அது நின்றதில்லை என்பது அவருடைய தனிப் பெருமை. இரண்டும் சேர்ந்ததால் அதை ஓட வைத்தே ஆக வேண்டும் என்று ஆனது.

முதல் சந்திப்பு

மாவுக்கட்டுப் போட்ட மூன்றாம் நாள், கையைத் தூளியில் போட்டபடி கடைக்கு வந்தார். கல்யாண சீசன், கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

“தம்பி, நேத்து ராத்திரியே நின்னு போச்சு. இதுக்குச் சாவி கொடுக்க வேற வழி இருக்கா?”

“ஆட்டுனா ஓடும் அண்ணாச்சி. வீட்டுல எதுலயாவது வச்சு ஆட்டிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க.”

வாட்சை நான் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு நடந்த அத்தனைக்கும் தொடக்கம் என்னுடைய அந்த ஒரு வாக்கியம்தான். நம் வீடுகளில் மாவை ஆட்டுகிறோம், தொட்டிலை ஆட்டுகிறோம், ஊஞ்சலில் ஆடுகிறோம். அந்த வீட்டார் என் சொல்லை நம்பி ஒவ்வொன்றாக முயன்றார்கள். சிரிக்க இடம் இருந்தாலும் அவர்கள் செய்ததில் ஒன்றுகூட முட்டாள்தனம் இல்லை. நான் தெளிவாகச் சொல்லாமல் விட்டதைத் தாங்களே கண்டுபிடிக்கப் பார்த்தார்கள்.

வீட்டில் செய்து பார்த்தவை

முதலில் கிரைண்டர். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்து விடுமுறையில் இருந்த பேரன், வாட்சைப் பாலிதீன் பையில் சுற்றி, சுழலும் பாத்திரத்தின் விளிம்பில் படுக்கை வாக்கில் ஒட்டிவிட்டான். இட்லி மாவு ஆட்டி முடிக்க முக்கால் மணி நேரம். எடுத்தபோது வாட்ச் நின்ற இடத்திலேயே நின்றது. காரணம் எளிது. முகம் மேலே பார்க்க, தட்டையாகச் சுற்றும் வாட்சில் ரோட்டர் ஒருமுறை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வாட்சும் ரோட்டரும் சேர்ந்தே சுற்றினால் கொக்கிக்கு வேலை இல்லை. சீலிங் ஃபேன் இறக்கையில் கட்டினாலும் இதே கதைதான். அதையும் அவன் கேட்டிருக்கிறான். அவனுடைய ஆச்சி (பாட்டி) விடவில்லை, நல்லவேளை.

அடுத்து தொட்டில். மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தார், கைக்குழந்தைக்குச் சேலைத் தொட்டில் கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் வாட்சை ஊக்கு போட்டு மாட்டினார்கள். குழந்தை தூங்கும் வரை ஆட்டியும் சில நிமிடங்கள்தான் ஓடியது. எனக்கே இது முதலில் புரியவில்லை. ஒரே இடத்திலிருந்து தொங்கும் தொட்டில் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதற்குள் இருக்கும் பொருள் உணரும் ‘கீழ்’ என்ற திசையும் அதே பக்கம் சாய்கிறது. தொட்டிலுக்குள் குழந்தை உருளாமல் கிடப்பதற்குக் காரணம் இதுதான். குழந்தையை உருட்டாத ஆட்டம் ரோட்டரையும் உருட்டாது.

மூன்றாவது, ஸ்பீக்கர். பேரன் ஹோம் தியேட்டரின் பெரிய பேஸ் பெட்டி மேல் வாட்சைக் குப்புற வைத்து, கோயில் கொடை நையாண்டி மேளப் பதிவைச் சத்தமாக ஓட விட்டான். வாட்ச் பெட்டி மேல் நகர்ந்து நகர்ந்து குதித்தது. ஆடுவது கண்ணுக்கே தெரிந்ததால் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. மூன்று நாள், நாளைக்கு ஒரு மணி நேரம் இப்படி நடந்தது. அதிர்வு வேகமாக இருந்தாலும் மிகச் சிறியது, ரோட்டர் நடுங்கும், சுற்றாது. வாட்ச் இடையிடையே கொஞ்சம் ஓடியது, அதற்குக் காரணம் அதை எடுத்து வைத்த கை அசைவாக இருக்கும். ஆறு வாரத்திலேயே பெரிய சேதம் இங்கேதான் நடந்தது, ஆனால் அது உடனே தெரியவில்லை.

நான்காவது, ஆடு. ‘ஆட்டு’ என்ற சொல்லிலிருந்து ஆட்டுக்குப் போகும் வழி பேரனுக்குத்தான் தோன்றியிருக்கிறது. வீட்டில் இரண்டு ஆடுகள் உண்டு, காலையில் அவிழ்த்துவிட்டால் ஆற்றங்கரைப் பக்கம் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும். ஆச்சி பழைய ரவிக்கைத் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்து, வாட்சை உள்ளே போட்டு, பெரிய ஆட்டின் கழுத்து மணிக்குப் பக்கத்தில் கட்டிவிட்டார். அன்று சாயங்காலம் ஆடு வந்தபோது வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையிலும் ஓடியது. தொடர்ந்து எட்டு நாள் நிற்கவே இல்லை.

இது ஏன் சரியாக வந்தது என்பதை நான் நிறைய யோசித்தேன். பையில் வாட்ச் நிமிர்ந்து தொங்குகிறது, படுத்திருக்கவில்லை. ஆடு மேயத் தலையைத் தாழ்த்துகிறது, நிமிர்கிறது, கிளைக்கு எட்டக் காலை மரத்தில் ஊன்றிக் கழுத்தை நீட்டுகிறது, பின்காலால் காதைச் சொறிகிறது. ஒவ்வொன்றும் மெதுவான, பெரிய திருப்பம். மனிதக் கை ஒரு நாளில் செய்வதும் இதுதானே. ஆட்டோமேட்டிக் வாட்சைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்த அசைவுக்கு அந்த வீட்டில் கிடைத்த மிக நெருங்கிய மாற்று அந்த ஆடுதான்.

ஆனால் ஐந்தாறு நாளில் வாட்ச் வேகமாக ஓடத் தொடங்கியதைப் பெரியவர் கவனித்தார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்தியது. ஆடு அதிகமாகத் துள்ளுவதால் வாட்சுக்குச் சாவி மிஞ்சிப்போய் வேகம் பிடிக்கிறது என்பது பேரனின் விளக்கம். சின்ன ஆட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள், அது கொஞ்சம் சாது. வேகம் குறையவில்லை. குறையவும் செய்யாது. ஆட்டோமேட்டிக் வாட்சில் முழுக்க முறுக்கேறிய பிறகு மெயின் ஸ்பிரிங்கின் வெளிமுனை, அது சுருண்டிருக்கும் டப்பாவின் உட்சுவரில் வழுக்கிக் கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள். ஆடு நாள் முழுக்கத் துள்ளினாலும் சாவி மிஞ்சாது.

ஒன்பதாம் நாள் சின்ன ஆடு கழனித்தண்ணித் தொட்டியில் கழுத்து வரை முக்கிக் குடித்தது. பை நனைந்து வாட்சின் கண்ணாடிக்கு உள்ளே பனி படர்ந்தது. தொழுவச் சுவரில் கழுத்தைத் தேய்த்ததில் கண்ணாடியில் ஒரு கீறலும் விழுந்திருந்தது. வாட்சை அரிசிப் பானையில் ஒரு நாள் புதைத்து வைத்தார்கள். பனி போனது, அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். கண்ணாடியின் பனி போவதற்கும் உள்ளே இறங்கிய ஈரம் போவதற்கும் சம்பந்தம் இல்லை.

கடைசியாக ஊஞ்சல். மீதி மூன்று வாரம் வாட்ச் இதில்தான் இருந்தது. பட்டாசாலையில் நாலு சங்கிலி போட்ட தேக்குப் பலகை. மதியம் வெற்றிலை போட்டுக்கொண்டு ஆச்சி அதில் ஆடுவார். முதலில் வாட்சைச் சங்கிலியில் கட்டினார்கள், பலன் இல்லை. பிறகு ஆச்சியே அதைப் பலகையின் பக்கவாட்டில், முகம் வெளியே பார்க்கும்படி சுருக்குப்பையோடு ஆணியில் மாட்டினார். ஓடியது! சங்கிலி தொட்டிலைப் போல ஆட்டத்தோடு சேர்ந்து சாய்கிறது. நாலு சங்கிலிப் பலகையோ எவ்வளவு தூரம் போனாலும் தரைக்கு இணையாகவே போகிறது, சாய்வதில்லை. அதனால் பலகையோடு இருக்கும் வாட்சுக்குள் ரோட்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்கிறது. இந்த வித்தியாசத்தை ஆச்சி வெறும் முயற்சியால் கண்டுபிடித்தார். எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. இந்த வாட்சுக்கு அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் காலையும் மதியமும் ஆடினால்தான் இரவு தாண்டியது. சில நாள் விடியும் முன் நின்றுவிடும். பேரன் இரவு பதினொரு மணிக்கு எடுத்துத் தேதி மாற்றப் போய், தேதித் தட்டு இரண்டு எண்களுக்கு நடுவே நின்ற சம்பவமும் ஒன்று உண்டு. இரவு ஒன்பதுக்கு மேல் விடிய மூன்று நான்கு மணி வரை தேதிச் சக்கரம் பல்லோடு பல் கோத்திருக்கும் நேரம். அப்போது குமிழால் தேதியைத் தள்ளக் கூடாது.

கடையில் பார்த்தது

மாவுக்கட்டுப் பிரித்த மறுநாள், ஜூன் முதல் வாரம், பெரியவரும் பேரனும் வந்தார்கள். வெளியே சாரல் தொடங்கியிருந்தது. “விடியுமுன்ன நிக்கி, ஓடுனா பாஞ்சு ஓடுது” என்பது புகார். நிற்பதும் வேகமாக ஓடுவதும் ஒரே வாட்சில் சேர்ந்து வந்தால் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. நடந்தது முழுவதையும் முதலில் கேட்டேன். ஸ்பீக்கர் என்று பேரன் சொன்னதுமே மேசை டிராயரில் இருந்த சிறிய திசைகாட்டியை எடுத்து வாட்ச் மேல் வைத்தேன். ஊசி நடுங்கித் திரும்பியது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் பெரிய காந்தம் ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏற்றியிருந்தது. முடி போன்ற அந்தச் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், சுருள் குட்டையானது போல ஆகி, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் வேகமாக அடிக்கும். மணிக்கு 21,600 அடி அடிக்க வேண்டிய எந்திரம் அதற்கு மேல் ஓடியது. ஆட்டின் மேல் எந்தப் பழியும் இல்லை என்று பேரனிடம் சொன்னேன்.

பின்மூடியைத் திறந்தபோது ரப்பர் வளையம் காய்ந்து மொரமொரவென்று உடைந்தது. குமிழின் தண்டில் துருப் புள்ளி. எண்ணெய் வறண்டிருந்தது. அடுத்து, அந்த முதல் நாளிலேயே நான் செய்திருக்க வேண்டிய சோதனை. டப்பாவின் மேல் இருக்கும் ராட்செட் திருகைத் திருகுளியால் சுற்றி மெயின் ஸ்பிரிங்கை முழுக்க ஏற்றி, அசைக்காமல் மேசையில் வைத்து, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்த்தேன். 26 மணி நேரம். முழுச் சாவியிலும் நாற்பதைத் தொட முடியாத வாட்ச், ஊஞ்சல் கொடுத்த அரைகுறைச் சாவியில் விடியும் வரை எப்படி ஓடும்? ஆறு வாரமாக அந்த வீடு சாவி ஏற்றும் வழியைத் தேடியது. ஏறிய சாவியை வாட்ச் தாங்குகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவன் நான்.

எடுத்த முடிவுகள்

முதலில் காந்தம் இறக்கினேன். கருவியில் சில நொடி வேலைதான், வேகம் அப்போதே சரியானது. பிறகு முழுவதும் பிரித்துக் கழுவி, எண்ணெய் இட்டு, தண்டையும் ரப்பர் வளையத்தையும் மாற்றினேன். அதே சோதனையில் இப்போது 41 மணி நேரம் ஓடியது.

மின்சாரத்தில் சுற்றும் வைண்டர் பெட்டி ஒன்று வாங்கித் தரலாமா என்று சென்னையில் இருக்கும் மகன் போனில் கேட்டார். வேண்டாம் என்றேன். கை இன்னும் இரண்டு மாதத்தில் பழைய அசைவுக்கு வந்துவிடும், ஒரே ஒரு வாட்சுக்கு அந்தச் செலவு தேவையில்லை. பல வாட்சுகளை மாற்றி மாற்றிக் கட்டுபவருக்கு அது சரி. இவருக்கு இருப்பது ஒன்று.

வலது கையைப் பற்றி மறுபடி பேசினோம். சாப்பாட்டு நேரத்தில் கழற்றி வைத்தால் போதுமே என்றேன். “அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். சொல்லியிருக்கலாம். ஆறு வாரமும் நல்ல கை ஒன்று அவரிடம் இருந்தது. அதில் கட்டாததற்கு ஒரே தடை மூன்று வேளைச் சாப்பாடு. நான் ஏன் என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

பிறகு நடந்தது

அன்றிலிருந்து பகலில் வலது கை, சாப்பாட்டுக்கு முன் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டுவது என்று வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய் ஊஞ்சலையும் அளந்து பார்த்தேன். வாட்சை முழுக்க நிற்க விட்டு, ஆச்சி ஒரு மணி நேரம் ஆடிய பிறகு எடுத்து வைத்தோம். ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. நல்ல நிலையில் உள்ள வாட்சுக்கு ஊஞ்சல் ஒரு கைத்தாங்கல், அதுவே முழு வழி ஆகாது. ஆட்டையும் அளக்கலாம் என்றான் பேரன். வாட்சுக்கு நீர்க்காப்பு இனி நன்றாக இருந்தாலும் கழனித்தொட்டியை நினைத்து நான் ஒப்பவில்லை.

ஆடி மாதக் கடைசியில் வாட்ச் இடது கைக்குத் திரும்பியது. நாளைக்குப் பதினைந்து நொடி போல முந்துகிறது, இந்த வயது எந்திரத்துக்கு அது நல்ல கணக்கு. கிழமை அரபில் ஓடுகிறது. கண்ணாடியில் விழுந்த கீறலுக்குப் புதுக் கண்ணாடி போடலாம் என்றேன். இருக்கட்டும் என்றுவிட்டார்.

இனி மாற்றிக்கொள்பவை

ஆட்டோமேட்டிக் வாட்ச் நிற்கிறது என்று யார் வந்தாலும் முதலில் முழுச் சாவி ஏற்றி இரண்டு நாள் கடையில் வைத்துப் பார்க்கிறேன். தாங்குகிற வாட்ச் என்றால்தான் சாவி ஏற்றும் வழியைப் பற்றிப் பேச்சு. எந்தக் கை, ஏன் அந்தக் கை என்று கேட்கிறேன். நின்ற வாட்சால் எந்திரத்துக்குக் கேடில்லை, நிற்க விடலாம் என்பதையும் சொல்கிறேன். மனம் ஒப்பாதவர்களிடம் வற்புறுத்துவதில்லை. ஸ்பீக்கர், காந்தப் பொத்தான் உள்ள போன் உறை, காந்த மூடி உள்ள பர்ஸ் இவற்றின் மேல் வைக்க வேண்டாம் என்பதைக் கேட்காமலே சொல்கிறேன்.

‘ஆட்டுங்கள்’ என்ற சொல்லைக் கடையில் விட்டுவிட்டேன். பின்மூடி இல்லாத ஒரு பழைய எந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன். அதை வாடிக்கையாளர் கையில் கொடுத்து முதலில் படுக்க வைத்து வேகமாகக் குலுக்கச் சொல்வேன். ரோட்டர் நடுங்கும். அப்புறம் சுவர்க் கடிகாரம் போல நிமிர்த்திப் பிடித்து, வண்டி ஸ்டீயரிங் திருப்புவது போல மெதுவாக வலமும் இடமும் திருப்பச் சொல்வேன். ரோட்டர் கீழேயே நிற்க, எந்திரம் அதைச் சுற்றி வருவதை அவர்களே பார்க்கிறார்கள். முப்பது முறை திருப்பினால் நின்ற வாட்ச் ஓடத் தொடங்கும், நாள் முழுக்க ஓட அது போதாது, கையில் கட்டி நடமாட வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.